நனைக்காத பம்ப்

பாப்பாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டாயிற்று, முன்பக்கம் நரைத்தும் ஆயிற்று. இதய அறுவை அரங்கில் ரத்தத்தைச் சுற்றவைக்கும் மிஷினை ஓட்டுகிறவள் என்பதால், டாக்டர்கள் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ‘பம்ப் மேடம்’. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த மனிதருக்கோ அவள் இன்னும் பாப்பாதான்.

“இதோ வந்துகொண்டிருக்கிறார் பாப்பா. இடது ஓரமாக வேகமாக முன்னேறுகிறார். எதிரே மருந்து வண்டி. லாவகமாக விலகுகிறார். நர்ஸ் தடுக்கிறார், செருப்பைக் கழற்றச் சொல்கிறார், பாப்பா முறைக்கிறார்...”

வார்டே சிரித்தது. நர்ஸும் சிரித்தாள்.

“மெதுவாண்ணா. நெஞ்சு வலியோட படுத்திருக்கற ஆளு மாதிரியா இருக்கே?”

“வலி நெஞ்சுலதானே. வாய்ல இல்லையே.”

அண்ணனை ஊரில் ‘மைக்’ என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரர்கூட விழிப்பார். எந்த மைதானத்தில் கால்பந்து மேட்ச் நடந்தாலும் ஒலிபெருக்கியில் வருவது அவர் குரல்தான். பந்து போகிற வேகத்துக்கு வார்த்தை போகும். ஒலிபெருக்கியை வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. அது பிழைப்புக்கு. மைக் பிடிப்பதுதான் அவருக்கு வாழ்க்கை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணி முனகினாள். “வீட்லயும் இதே பாடுதான். நான் காபி ஆத்தினாக்கூட கமென்ட்ரி. நேத்து சர்க்கரை டப்பா கீழ விழுந்துச்சு, ‘ஐயோ, கோல் வாய்ப்பு பறிபோனது’ன்னார்.”

அப்போதுதான் சர்ஜன் உள்ளே வந்தார். கையில் ஸ்கேன் படம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“மூணு இடத்துல அடைப்பு. அதுல ஒண்ணு மெயின் குழாய்ல. ஆபரேஷனைத் தவிர வேற வழியில்ல. அதுகூடப் பிரச்சினை இல்ல. பிரச்சினை இதோ, இது.”

நெஞ்சின் நடுவே, அவர் விரல் நின்ற இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு வளையம்.

“இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய குழாய். மகாதமனி. மெத்துனு ரப்பர் மாதிரி இருக்கணும். உங்களுக்குச் சுத்திவரச் சுண்ணாம்பு படிஞ்சு பீங்கான் கோப்பை மாதிரி ஆயிடுச்சு.”

“உடைச்சிடாதீங்க டாக்டர். ஜோடிக் கோப்பை கிடையாது.”

சர்ஜன் சிரிக்கவில்லை. “நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். வழக்கமா இந்தக் குழாய்ல ஓட்டை போட்டு, கிளிப் போட்டு, இதயத்தை நிறுத்திட்டு, உங்க தங்கச்சியோட மிஷினுக்கு ரத்தத்தைத் திருப்பி விட்டுடுவோம். உங்களுக்கு இதை அழுத்திப் பிடிச்சாலே சுண்ணாம்பு உதிரும். உதிர்ந்த தூள் நேரா மேல, மூளைக்குப் போகும்.”

“போனா?”

“கை கால் விழலாம். பேச்சு போகலாம்.”

மைக் அணைந்துபோனது.

சர்ஜனே மறுபடி ஆரம்பித்தார். இதயத்தை நிறுத்தப்போவதில்லை. அது துடிக்கத் துடிக்கவே தைக்கப்போகிறார். நெஞ்சுச் சுவருக்குப் பின்னால் ஓடும் குழாயை இறக்கி, அதில் இடது முன்கையிலிருந்து எடுத்த குழாயைக் கிளையாக இணைத்து, அடைப்புகளைத் தாண்டி ரத்தம் போக வழி செய்வார். மகாதமனிமேல் ஊசிமுனைகூடப் படாது. பம்ப் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான்.

“ஓரமா எதுக்கு நிக்கணும்?” என்று கேட்டார் அண்ணன்.

“நிலைமை கைமீறினா வேணுமே. அப்ப தொடை வழியா குழாய் போட்டு மிஷினுக்குப் போவோம். அப்பவும் ரத்தம் இந்தப் பீங்கானுக்குள்ளதான் எதிர்த்திசையில ஏறும். தூள் கிளம்பாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது.”

“மிஷினே வேணாம், என்ன ஆனாலும் வேணாம்னு நான் சொன்னா?”

“நெஞ்சைத் திறந்தப்புறம் முடிவு என்னுது. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் கத்தி எடுப்பேன்.”

“இவர் ஒத்துக்கறார், டாக்டர்,” என்றாள் அண்ணி, அண்ணனின் வாய் திறப்பதற்குள்.

மாற்றுத் துணி எடுக்க அண்ணி வீட்டுக்குக் கிளம்பியதும் அவர் பாப்பாவைக் கட்டில் விளிம்பில் உட்காரச் சொன்னார். குரலை இறக்கியிருந்தார். அந்தக் குரலை அவள் அதிகம் கேட்டதில்லை.

“அப்பா கடைசி காலத்துல எதையோ கை காட்டுவாரே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. பேச்சு போய் வருடக்கணக்காகப் படுத்திருந்தார் அப்பா. அலமாரிப் பக்கம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். அண்ணன் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் நிற்பார். துண்டு, ரேடியோ, பழைய போட்டோ, கத்தரிக்கோல். ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டு அழுவார்.

“என்னதான் கேட்டார்னு கடைசி வரைக்கும் தெரியல பாப்பா. அலமாரியையே காலி பண்ணிக் காட்டினேன். அந்த மாதிரி ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது. செத்தா சாவு. வாய் போய் இருக்கக் கூடாது. அந்த மிஷின் ஓடக் கூடாது.”

“அண்ணா, சர்ஜன் சொன்னா ஓட்டித்தான் ஆகணும். நான் யாரு தடுக்க?”

“அவருக்குச் சொல்ல வாய் இருக்கு. மிஷின் உன் கையில இருக்கு. நீ ஏதாவது பண்ணு.”

“அண்ணிகிட்ட இதைச் சொன்னியா?”

“அவளுக்கு ஆள் வந்தா போதும். பாதியா வந்தாலும் வாசல்ல நின்னு வாங்கிப்பா.” கையை நீட்டினார். “சரின்னு சொல்லு.”

“சரி.”

ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார்கள். படியிறங்கும்போது தனக்குத்தானே அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கீழே வந்து சேர்ந்தபோது அந்தச் சமாதானம் கூடவரவில்லை.

சொந்தக்காரர்கள் அரங்குக்குள் இருக்கக் கூடாது என்பது சர்ஜனின் பழக்கம். ஆனால் பம்ப் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தார். அடைப்போ காத்திருக்கிற ரகம் இல்லை.

“உன்னால முடியுமா?” என்று சர்ஜன் கேட்டார்.

“சும்மா உக்காந்திருக்கப் போறேன், அவ்வளவுதானே சார்.”

“சும்மா உக்காரத்தான் கஷ்டம்,” என்றார் அவர்.

பம்ப் ஓரமாக நிற்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, குழாய்களை மாட்டி, உள்ளே திரவம் நிரப்பி, காற்றுக் குமிழிகளைத் தட்டித் தட்டி விரட்டி வைப்பது. அரங்கத்துப் பேச்சில் ‘நனைச்சு வைக்கறது’; பாப்பா சொல்லிக் கேட்டு அண்ணனுக்கும் பழகிய வார்த்தை. சொன்ன மாத்திரத்தில் மிஷினுக்குப் போய்விடலாம். இன்னொன்று, குழாய்களை மாட்டி அப்படியே உலர்வாக விடுவது. தேவைப்பட்டால் அப்போது நனைக்க வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். துடிக்கும் இதயத்தில் தைக்கிற கேஸ்களில் பெரும்பாலும் உலர்வாகத்தான் விடுவார்கள். எது என்பது பம்ப் ஓட்டுபவரின் முடிவு. யாரும் கேட்பதில்லை.

கஷ்டமான கேஸ் என்றால் பாப்பா நனைத்து வைப்பாள். எப்போதும்.

அன்று காலை திரவப் பைகளைக் கையில் எடுத்தாள். நனைத்த மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எந்த சர்ஜனும் சற்றுச் சீக்கிரமே அதன் பக்கம் திரும்பிவிடுவார். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். உலர்ந்து நின்றால் இன்னொரு முறை முயன்று பார்ப்பார். அந்த இன்னொரு முறையில் அண்ணனின் வாய் தப்பிக்கலாம்.

பைகளைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

கத்தி வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை வாய்விட்டுச் சரிபார்ப்பார்கள். சர்ஜன் கேட்டார்: “பம்ப்?”

“ஸ்டாண்ட்பை, சார்.”

நனைத்ததா, உலர்ந்ததா என்று கேட்காமல் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

நோயாளியின் தலைமாட்டில் நின்ற, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தார். “உங்க அண்ணன் தூங்கற வரைக்கும் கமென்ட்ரி. ‘டாக்டர் ஊசியை எடுக்கிறார், ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு’ன்னார். அதோட ஆஃப். ரசிகர்கள் என்ன ஆனாங்கன்னு எழுந்ததும் கேக்கணும்.”

நெஞ்சு திறந்தது. சர்ஜன் உறை போட்ட விரல்நுனியால், பல்லி வாலைத் தொடுகிற மாதிரி, மகாதமனியை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

“கல்லு,” என்றார். “இதுக்கு மேல யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது.”

முதல் குழாய் இதயத்தின் முன்பக்கத்தில். உறிஞ்சிப் பிடிக்கும் சின்ன இரட்டை விரல் கருவி ஒன்று, தைக்கிற இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் இதயம் துள்ளிக்கொண்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிற வேலை. சர்ஜனின் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. திரையில் அழுத்தம் நன்றாக இருந்தது. பாப்பா முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள்.

மூன்றாவது, பின்பக்கம். அதற்கு இதயத்தை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கித் திருப்ப வேண்டும். மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். சர்ஜன் இதயத்தைத் தூக்கினார்.

“பிரஷர் இறங்குது,” என்றார் மயக்க டாக்டர்.

“பார்த்துட்டேன். மருந்து குடுங்க.”

“குடுத்துட்டேன். இன்னும் இறங்குது.”

அடுத்து யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. திரையில் மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு புழுப்போல நெளிந்தது. சர்ஜனின் கைக்குள் இதயம் துடிப்பதை விட்டு நடுங்கியது.

அதைப் பழைய இடத்தில் கிடத்தி, கையாலேயே பிசையத் தொடங்கினார். “தொடையைத் திற,” என்றார் உதவியாளரிடம். திரும்பாமலேயே சொன்னார்: “பம்ப் போறோம்.”

“பம்ப் போறோம்,” என்று பாப்பா திருப்பிச் சொன்னாள். காதில் விழுந்ததற்கு அடையாளமாகத் திருப்பிச் சொல்வது முறை. பிறகு சொன்னாள்: “நனைக்கணும், சார்.”

சர்ஜனின் கண்கள் ஒரு முறை அவள் பக்கம் வந்து போயின.

“நனை.”

அதன்பின் அவள் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பையைக் கிழித்தன, குழாயில் மாட்டின, திரவத்தை ஓடவிட்டன, குமிழியைத் தட்டின. இத்தனை வேகமாக அவள் வாழ்நாளில் நனைத்ததில்லை. வாக்குக் கொடுத்த பாப்பா எங்கோ நின்று வேடிக்கை பார்த்தாள். மிஷினருகே நின்றவள் ஒவ்வொரு குமிழியையும் சபித்தாள். போ, போய்த் தொலை. ஒரு குமிழி தங்கினாலும் அதுவும் மூளைக்குத்தான் போகும். அவசரப்படவும் முடியாது, நிற்கவும் முடியாது.

“ஷாக்,” என்றார் சர்ஜன். அண்ணனின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. ஒன்றுமில்லை. மறுபடி பிசைந்தார். நெற்றி வியர்வையை நர்ஸ் ஒற்றி எடுத்தாள். “மறுபடி ஷாக்.”

கோடு ஒரு மலையை எழுப்பியது. கொஞ்சம் யோசித்தது. இன்னொரு மலை. பிறகு வரிசையாக.

“பம்ப் ரெடி, சார்,” என்றாள் பாப்பா அதே நேரத்தில்.

சர்ஜன் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தம் ஏறியது. நின்றது. இன்னும் ஏறியது.

“வேண்டாம். பம்ப் வேண்டாம். மூணாவதை விட்டுடலாம், சின்னக் குழாய்தான். மூடலாம்.”

மயக்க டாக்டர் நீளமாக மூச்சு விட்டார். “உங்க அண்ணன் எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சுட்டார்.”

பாப்பா தன் மிஷினைப் பார்த்தாள். நனைந்த குழாய்கள் விளக்கொளியில் பளபளத்தன. அவற்றில் ஒரு சொட்டு ரத்தம்கூட ஏறவில்லை. மகாதமனியில் யாரும் ஓட்டை போடவில்லை. மிஷின் ஓடவில்லை. கழுத்து எலும்பு வரைக்கும் ஒரு சந்தோஷம் ஏறி வந்து நின்றது. முகமூடிக்குள் சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். வலது கை கொஞ்சம் சோர்ந்து கிடந்தது. மயக்க மருந்தின் மிச்சம் என்று அண்ணி தானே முடிவு செய்துகொண்டாள். குனிந்து, “என்னங்க, நான் யாரு தெரியுதா?” என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. உள்ளே ஏதோ புறப்படுவதும் பாதி வழியில் நின்றுபோவதும் முகத்தில் தெரிந்தது.

“தண்ணி வேணுமா?”

“தண்ணி வேணுமா,” என்றார் அவர். அதே குரல், அதே கணீர்.

அண்ணி பூரித்துப்போனாள். “எனக்கில்ல, உங்களுக்கு.”

“எனக்கில்ல, உங்களுக்கு.”

“பாத்தியா பாப்பா, கண்ணு முழிச்சதும் என்னை மாதிரியே பேசிக் கிண்டல் பண்றார்.”

பாப்பாவும் சிரித்தாள். அவர் செய்யக்கூடியவர்தான். வார்டில் நர்ஸை மாதிரி பேசிக் காட்டியவர், சர்ஜனை மாதிரி பேசிக் காட்டியவர். கொஞ்ச நேரம் அந்த அறையில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. பிறகு அவள் அவர் கண்களைப் பார்த்தாள். கண்கள் கிண்டல் செய்யவில்லை. தண்ணீருக்குள் இருந்து பார்க்கிறவனின் கண்கள் அவை.

சாயங்காலம் சர்ஜன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூளையின் ஸ்கேன் மேஜைமேல் இருந்தது.

“தூள் இல்ல. சுண்ணாம்பு ஒரு துளி உதிரல. மூளையில ரெண்டு பெரிய குழாய் பாயற எல்லை இருக்கு பாரு, அது கடைமடை மாதிரி. வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது கடைமடை. அந்தச் சில நிமிஷம் என் கை தள்ளின ரத்தம் அதுவரைக்கும் எட்டல.” படத்தைக் கவிழ்த்து வைத்தார். “நாம சொன்னா திருப்பிச் சொல்வார். நாம பேசறதும் புரியும். தானா ஒரு வார்த்தை ஆரம்பிக்க வராது. கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். மைக் பிடிக்கற அளவுக்குத் திரும்புமான்னு கேக்காதே.”

அவள் கேட்கவில்லை.

“பம்பை நனைச்சு வெக்கச் சொல்லியிருக்கணும்,” என்றார் அவர். “இந்த மாதிரி கேஸ்ல நான்தான் சொல்லியிருக்கணும். நீ வழக்கப்படி விட்டே, அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. என் தப்பு. அதை நினைச்சு நீ உடைஞ்சுடாதே.”

வழக்கப்படி. பாப்பா அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். திருப்பிக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் ஆனது. வலது கை தேறிவிட்டது. தையல் ஆறிவிட்டது. ஜன்னலோரக் கட்டிலுக்கே அவரைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், நிறையப் பேசவையுங்கள் என்று சொல்லியிருந்ததால் அண்ணி விடவே இல்லை.

“சொல்லுங்க. என் பொண்டாட்டி மாதிரி வருமா.”

“என் பொண்டாட்டி மாதிரி வருமா.”

“அவ சமையல் பிரமாதம்.”

“அவ சமையல் பிரமாதம்.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ரெண்டு வார்த்தையை வாங்க முடியல பாப்பா. இப்ப கேட்ட உடனே கிடைக்குது.” அண்ணி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்னத்தைக் கிடைச்சு. நான் சொல்றதை நானே கேட்டுக்கறேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் பெரிய மேட்ச் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அண்ணனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. உதடு பிரிந்து, தொண்டை அசைந்து, நின்றது. பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

அண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போனாள். அண்ணன் பாப்பாவின் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கையை எடுத்து, காற்றில் சக்கரம் சுற்றுவது போல ஒரு வட்டம் போட்டு, இல்லை என்று விரலை ஆட்டினார். மிஷின் ஓடவில்லை. அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கையைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நன்றி சொல்கிறார்.

எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அவர் காதருகே குனிந்தாள்.

“நான்தான் வேணும்னே பம்பை நனைக்காம வெச்சேன்.”

அவர் உதடுகள் தாமாக அசைந்தன. மைதானத்தின் கடைசி வரிசைவரை கேட்கிற அந்தக் குரலில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நான்தான் வேணும்னே பம்பை நனைக்காம வெச்சேன்.”

வாசலில் பாட்டிலோடு அண்ணி நின்றிருந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“எவ்வளவு நீளமா சொன்னார், கேட்டியா? ஒரு வார்த்தை விடாம. நர்ஸம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன், முழு வாக்கியம் சொல்றார்.” ஓடிவந்து கட்டிலின் மறுபக்கம் நின்றாள். “பம்பு கிம்புன்னு என்ன சொல்லிக் குடுத்தே? பரவால்ல, நல்லா வருது. இன்னொரு தடவை சொல்லு பாப்பா, இவங்களும் கேக்கட்டும்.”

நர்ஸ் வந்து கால்மாட்டில் நின்றாள். பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது என்னவென்று, சொல்லி முடித்த பிறகு அவருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் போய்ச் சேர்வதை அவள் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது. பிடித்திருந்த கை இறுகியதா தளர்ந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“சொல்லேன் பாப்பா,” என்றாள் அண்ணி.

அவள் சொன்னாள். இந்தத் தடவை காதில் அல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் வேணும்னே பம்பை நனைக்காம வெச்சேன்.”

அண்ணி கணவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அந்த வாயிலிருந்து வருவது மட்டும்தான். நர்ஸும் காத்திருந்தாள்.

அண்ணனின் உதடுகள் திறக்கப் போயின. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பல்லைக் கடித்து, உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“அலுத்துப்போச்சு போல,” என்றாள் அண்ணி. “பாவம், நாளைக்குப் பாத்துக்கலாம்.”

பாப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனின் வாய் அவர் பேச்சைக் கேட்டது அதுவே முதல் தடவை.